சனிக்கிழமை வாத்துகள்

மார்ச் 9, ஞாயிறு

வேனில் என்று ஆசையாகப் பெயர் வைத்த மகள் கால்கரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். புது வேலை, புது வீடு, புதுக் குக்கர். போனில் இரண்டு நிமிடம் பேசினாள். கிளம்பும்போது இந்த நாட்குறிப்பை என் கையில் திணித்துவிட்டு, "அம்மா, மனசுல இருக்கிறத எல்லாம் அப்பாகிட்டயே கொட்டாத. கொஞ்சம் இதுலயும் கொட்டு" என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று புரியவில்லை. நான் அப்படியொன்றும் அதிகம் பேசுகிறவள் இல்லை.

இன்று அவர் சாப்பிட்டார், பேப்பர் படித்தார், கீழே பேஸ்மென்டுக்குப் போனார். மாடிப்படியில் நின்று நான்கைந்து கேள்வி கேட்டேன். ஒரே ஒரு 'ம்' வந்தது. எந்தக் கேள்விக்கு என்று தெரியவில்லை.

இனி இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வேனில் இருந்தவரை அது தெரியாமலே வண்டி ஓடிவிட்டது. இனிமேல் ஓடுமா என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

முடிவு செய்துவிட்டேன். வாத்து வேட்டை கற்றுக்கொள்ளப் போகிறேன்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கனடாவில் நாங்கள் இருக்கும் இந்தப் பிராண்டனில், செப்டம்பர் பிறந்தால் ஊரில் பாதிப் பேர் துப்பாக்கியும் நாயுமாகக் கிளம்பிவிடுவார்கள். இவரும் பதினோரு வருஷமாகப் போகிறார். செப்டம்பரிலிருந்து ஏரி உறையும்வரை சனிக்கிழமை என்றால் விடிவதற்குள் காரை எடுத்துவிடுவார். இருட்டும்போது சுத்தம் செய்த இரண்டு வாத்துகளோடு வருவார். நான் மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைப்பேன். வீராணம் ஏரிக்கரையில் வளர்ந்தவளுக்கு நீர்ப்பறவைக் கறி புதிதா என்ன?

இந்த மனிதர் ஆசையாகச் செய்வது உலகத்தில் இது ஒன்றுதான். டிவி பார்ப்பதில்லை, சீட்டு இல்லை, குடி இல்லை. நகராட்சித் தண்ணீர் நிலையத்தில் வேலை, வீடு, வாத்து. நானும் வாத்துக்குப் போனால் அந்த ஒரு நாள் முழுவதும் அவர் எனக்குக் கிடைப்பார். பேசலாம்.

ராத்திரி சாப்பாட்டில் சொன்னேன். கையில் எடுத்த கவளம் பாதியில் நின்றது.

"எதுக்கு?"

"உங்களோட வரத்தான்."

"செம குளுரு நாயகி. உனக்கு ஒத்து வராது."

"பக்கத்து வீட்டு நாய்க்கு ஒத்து வருது. எனக்கு வராதா?"

கை கழுவ எழுந்துவிட்டார். சந்தோஷமா, இல்லையா? முகத்தைப் பார்த்தால் கலியமூர்த்தி என்று பெயர் எழுதிய பலகை மாதிரி இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் படிக்க முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

துப்பாக்கிப் பாதுகாப்புத் தேர்வில் தேறிவிட்டேன். வகுப்பில் நான் ஒருத்திதான் சல்வார்.

வகுப்பெடுப்பது லாரெய்ன். நான் சமையல் பார்க்கும் முதியோர் இல்லத்தில் வேன் ஓட்டுகிறவள். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு வாத்து சுடப் போனவள், அறுபதைத் தொட்டும் விடவில்லை. வாரக் கடைசியில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இவள் இத்தனை நாள் என் சமையலறையில் காபி குடித்துவிட்டுப் போனாள். எனக்குத் தெரியவே தெரியாது.

இந்த நாட்டில் மனைவி துப்பாக்கி லைசென்ஸ் கேட்டால் புருஷனிடமும் கையெழுத்து கேட்கிறார்கள். சரிதான், யாரைச் சுடப் போகிறாளோ! இவர் அந்தக் காகிதத்தைப் படித்த நேரத்தில் இரண்டு தடவை தோசைக்கு மாவு அரைத்திருக்கலாம். கடைசியில் போட்டார்.

மே 3, சனி

தலை சுற்றுகிறது.

இன்று லாரெய்னின் அடுத்த வகுப்பு, வேட்டைச் சட்டம். காட்டு வாத்தைச் சுட்டு வீட்டுக்குக் கொண்டுவரும்போது, இறகோடு ஒரு இறக்கையை உடம்பிலேயே விட்டுவைக்க வேண்டுமாம். வழியில் அதிகாரி நிறுத்தினால் எந்த வகை வாத்து என்று இறக்கையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை வெட்டலாம். இல்லாவிட்டால் அபராதம்.

நான் கையைத் தூக்கினேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"எங்க வீட்டுக்காரர் மொத்தமா உரிச்சு, இறக்கை இல்லாம, பாலிதீன் பையில போட்டுல்ல கொண்டுவருவாரு?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. லாரெய்ன் புத்தகத்தை மூடி வைத்தாள். "தோல் எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். "வெள்ளை வெளேர்னு, பளபளன்னு இருக்கும்" என்றேன் பெருமையாக. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். லாரெய்ன் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். பதினோரு வருஷமாகச் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறீர்கள், உள்ளே தூக்கி வைத்தால் நான் எந்த வக்கீலைத் தேடுவேன் என்று. ஒரு மணி நேரச் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"ஆமா, தப்புதான்" என்றார்.

அவ்வளவுதான். இந்த மனிதர் உப்பு அதிகம் என்பதைக்கூட ஒத்துக்கொள்ளாதவர். குற்றவாளி என்றதும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். அதோடு, "அந்தம்மா வேற ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றார். தோலைப் பற்றிக் கேட்டதைச் சொன்னேன். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

ஜூன் 7, சனி

சாமான் வாங்கப் போனோம். லைசென்ஸ் வர இன்னும் நாளாகும், மற்றதையாவது வாங்கலாம் என்று.

கடையில் வாத்துக்காக மட்டும் ஒரு தெருவே இருக்கிறது. பறக்கிற வாத்தை ஏமாற்றி இறக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்து, பொம்மை வாத்துக்குப் பை, பை நனையாமல் இருக்க இன்னொரு பை. வாத்து மாதிரி கத்தி அழைக்க நூறு விதமான ஊதல்கள். ஒன்றை ஊதிப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த நாதஸ்வரம் போல வந்தது.

லாரெய்ன் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: முதல் வருஷம் கடையைத் தூக்கிக்கொண்டு வராதே, கால் நனையக் கூடாது, கை விறைக்கக் கூடாது, துப்பாக்கி தோளில் பொருந்த வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஆனாலும் வீட்டில் அனுபவஸ்தர் இருக்கும்போது கேட்காமல் இருக்க முடியுமா?

"ஏங்க, துப்பாக்கி ரவை எந்த அளவுல வாங்கறது?"

"பெருசா வாங்கு."

"எவ்ளோ பெருசு?"

"அதான்... பெருசா."

கடைக்காரப் பையன் இவரிடம், "சார், நீங்க ஈயமா, எஃகா?" என்று கேட்டான். "ஈயம்" என்றார் இவர் உடனே. பையன் முகம் மாறியது. ஈய ரவையால் வாத்து சுடத் தடை வந்து வருஷக்கணக்காகிறது, ஏரி மண்ணில் தங்கிப் பறவைகளைக் கொல்லும், இது வகுப்பில் முதல் நாள் பாடம். "அவரு தமாஷ் பண்றாரு" என்று நான்தான் சமாளித்தேன். இவர் போய் மீன் தூண்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் நான் வாங்கியது: மார்புவரை வரும் ரப்பர் கால்சட்டை, புல் நிறக் கோட்டு, கையுறை. பொம்மை வாத்து பழையதாக லாரெய்னிடம் கிடைக்கும். துப்பாக்கியும் அவளுடைய பழையதுதான், சின்ன ரகம், என் தோளுக்கு அது போதும் என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

அவருடைய ரப்பர் கால்சட்டையை எப்படி மாட்டி வைத்திருக்கிறார், நானும் அப்படியே மாட்டலாம் என்று பேஸ்மென்டுக்குப் போனேன். பெட்டியில் மடித்து வைத்திருக்கிறார். பூட்சுக்குள் கடையில் அடைத்த காகிதம் அப்படியே இருக்கிறது. எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறார் பாருங்கள்.

தோட்டாப் பெட்டி ஒன்றே ஒன்று. அதில் நாலைந்துதான் குறைகிறது. லாரெய்ன் ஒரு வாரக் கடைசியில் ஒரு பெட்டி தீர்ப்பாள். இவர் பதினோரு வருஷமாக ஒரே பெட்டியை வைத்திருக்கிறார் என்றால், குறி தப்பாத ஆள். அல்லது

காய் நறுக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை.

ஜூலை 19, சனி

லைசென்ஸ் வந்துவிட்டது. பயிற்சித் திடலில் மண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடச் சொன்னார்கள். முதல் பத்துப் பதினைந்து தட்டுகள் பத்திரமாகத் தரை இறங்கின. அப்புறம் ஒன்று நடுவானில் பொடிப்பொடியாகப் போனது. நான்தான்! நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தடத்தில் இருந்தவன் சுடாமல் திரும்பிப் பார்த்தான்.

இவரும் வந்திருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் தோள் குலுங்கக் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க ஒண்ணு போடுங்க" என்று துப்பாக்கியை நீட்டினேன். முதுகு பிடித்திருக்கிறதாம். வரும்போது புல் வெட்டிவிட்டுத்தானே வந்தார்?

ஆகஸ்ட் 23, சனி

மானம் போனது. புதுக் கோட்டு ஒரே ரப்பர் நாற்றமாக இருக்கிறதே என்று நன்றாகச் சோப்புப் போட்டு ஊறவைத்து, வின்னிபெக் கடையில் வாங்கிய நீலத்தில் முக்கி, காயவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்தும் வைத்தேன். கை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. லாரெய்ன் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வெளுப்பும் நீலமும் போட்ட துணி வாத்தின் கண்ணுக்குத் தூரத்திலிருந்தே பளிச்சென்று அடிக்குமாம். "ஏரிக்கு மேல பறக்குற அத்தனையும் உன்னைப் பார்த்து வணக்கம் சொல்லிட்டுத் திரும்பிப் போயிடும்" என்றாள். எங்கள் ஊரில் துணி வெளுத்தால் குடும்பப் பெண், இங்கே வெளுத்தால் வாத்து வராது. இரண்டு நாளாக வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டிருக்கிறேன்.

கையோடு அவருடைய கோட்டையும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். துவைக்கலாமா என்று பார்ப்பதற்குத்தான். வெடிமருந்து வாசனை இல்லை. சென்ட் வாசனையும் இல்லை. டீ வாசனை அடித்தது.

செப்டம்பர் 6, சனி

என் முதல் வாத்து.

இவருக்குக் காலையில் முதுகுவலி. "நீ லாரெய்னோட போ, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அழாத குறையாகப் போனேன். இவரோடு போகத்தானே இத்தனை கூத்தும்.

லாரெய்ன் சொந்தக்காரர் நிலத்தில் ஒரு சதுப்பு. பொம்மை வாத்துகளைப் போடச் சொன்னாள். பந்தியில் இலை போடுவதுபோல வரிசையாகப் போட்டேன். எல்லாவற்றையும் கலைத்து, நடுவில் இறங்க இடம் விட்டுப் போடவைத்தாள். கோரைக்குள் உட்கார்ந்தோம். பேசக் கூடாது. அசையக் கூடாது. தொண்டை அரிக்கிறது எனக்கு, எத்தனை விஷயம் சொல்ல இருக்கிறது அவளிடம். மூச்!

விடிந்து கொஞ்ச நேரத்தில் நான்கு சின்ன வாத்துகள் சர்ரென்று வந்தன. எழுந்தேன், சுட்டேன். ஒன்று விழுந்தது. கையில் எடுத்தபோது சூடு இன்னும் இருந்தது. ஒரு நிமிடம் பாவமாக இருந்தது, நிஜமாகவே. அடுத்த நிமிடம் பெருமை வந்து அதை மூடிவிட்டது. என்ன பெண் நான் என்று தோன்றியது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நானே இறகு பிடுங்கினேன். போதும் போதும் என்றாகிவிட்டது. முள் முள்ளாகக் குருத்து இறகு, தீயில் வாட்டியும் போகவில்லை. தோல் கறுத்து, கொழுப்பே இல்லாமல், கறி ஈரல் நிறத்தில் இருக்கிறது. நெஞ்சில் ரவை துளைத்த இடத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது. குழம்பில் ஏரி வாசனை. இரண்டாவது வாயில் கடக்கென்று கடைவாய்ப் பல்லில் ரவை சிக்கியது.

இவர் கொண்டுவரும் வாத்தில் ஒரு நாளும் ரவை கடிபட்டதில்லை. தோல் கிழிந்ததில்லை. வறுத்தால் கொழுப்பு கரண்டி கரண்டியாக வடியும்.

இந்த வருஷம் கனடாவில் வாத்துகள் இளைத்திருக்கின்றன போலிருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

எனக்கு முதியோர் இல்லத்தில் டியூட்டி. அது தெரிந்ததும் இவருக்கு முதுகு சரியாகிவிட்டது. இருட்டியதும் இரண்டு வாத்துகளோடு வந்தார். கொழுகொழுவென்று, வெள்ளைத் தோல். ஒரு இறக்கையும் இல்லை. என் சிறு வாத்து மாதிரி இரண்டை உள்ளே அடக்கலாம்.

சமையல் மேடையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். துளை ஒன்றுகூட இல்லாமல் ஒரு வாத்து எப்படிச் சாகும்? பயத்தாலா?

"எங்கங்க சுட்டீங்க?"

"எப்பவும் போற எடந்தான்."

"அடுத்த வாரம் நானும் வரேன். டியூட்டி மாத்தியாச்சு."

என்னைப் பார்த்தார். சரி என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னை நேராகப் பார்த்தார் என்று தோன்றியது. அதற்குச் சந்தோஷப்படுவதா, வேறு ஏதாவது படுவதா?

செப்டம்பர் 16, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன். யாரோ ஒரு பெண். நல்லா வாத்து வாங்கிக் கொடுக்கிற பெண்.

செப்டம்பர் 20, சனி

ஒரு மணி நேரம் ஓட்டினார். வழியைப் பற்றி ஒரு தடுமாற்றமும் இல்லை. ஜல்லிச் சாலை, மண் சாலை, அப்புறம் புல்லில் இரண்டு சக்கரத் தடம். கடைசியில் ஒரு சின்ன ஏரியைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். சக்கரங்கள் தாமாகப் போய் இரண்டு பள்ளத்தில் உட்கார்ந்தன. வருஷக்கணக்காக அதே இடத்தில் வண்டி நின்ற பள்ளம்.

நான் சுற்றிலும் பார்த்தேன். வீடு இல்லை, கொட்டகை இல்லை, வேறு சக்கரத் தடம் இல்லை. ஒரு பெண் வந்து போகிற இடம் மாதிரியே இல்லை. எனக்குக் குழப்பம் அதிகமானது.

ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பொம்மைகளைப் போட்டுவிட்டுத் திரும்பினால், இவர் வண்டியருகே துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் போடுவது என்று மறந்துவிட்டது அவருக்கு. நான் போய் வாங்கி, வண்டிக்குள் வைத்துப் பூட்டினேன். என்னுடையதையும் வைத்தேன். இப்போது கேட்கிற கேள்வியைத் துப்பாக்கி பக்கத்தில் இல்லாமல் கேட்பது நல்லது என்று தோன்றியது.

"யாருங்க அவ?"

"எவ?"

"சனிக்கிழம சனிக்கிழம பாக்க வருவீங்களே, அவ."

அவர் முகத்தில் வந்தது உண்மையான ஆச்சரியம். அந்த நடிப்பெல்லாம் அவருக்கு வராது. வண்டிக்குள் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், ரப்பர் கால்சட்டையோடு, சேறு சொட்ட.

"மொத வருஷம் கூட வேலை பாத்த ஒருத்தரோட வந்தேன் நாயகி. நாலஞ்சு தடவ சுட்டேன். ஒண்ணு விழுந்துச்சி. ஆனா சாகல. கையில எடுத்தா என்னயவே பாத்துகிட்டு இருந்துச்சி. அதோட சரி. அப்புறம் தொடல."

"அப்ப அந்த வாத்து?"

"திரும்பி வர்ற வழியில ஹட்டரைட் காலனி இருக்குல்ல. அங்க வளக்குறாங்க. சுத்தம் பண்ணியே குடுப்பாங்க."

ஊரோடு ஒட்டாமல் வாழும் அந்த மதக்குழுவின் கூட்டுப் பண்ணை எனக்குத் தெரியும். நான் முட்டை வாங்கியிருக்கிறேன் அங்கே. கறுப்புப் பாவாடையும் தலைத்துணியும் கட்டிய பெண்கள். அவர்களில் ஒருத்தியையும் இவரையும் சேர்த்து நினைத்துப் பார்க்க முயன்றேன். என்னால் முடியவில்லை.

"இங்க வந்து என்னதான் பண்ணுவீங்க?"

"உக்காந்திருப்பேன். ஃபிளாஸ்க்ல டீ இருக்கும். பறவ வரும், போவும். பாத்துகிட்டு இருப்பேன்."

"யார் கூட?"

"யாரும் இல்ல."

"டீய வீட்ல உக்காந்து குடிக்கக் கூடாதா? வீட்ல என்ன இல்ல?"

கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்த்தார். கோபம் இல்லை குரலில். மணி என்ன என்று கேட்டால் சொல்வாரே, அந்த மாதிரி சொன்னார்.

"வீட்ல நீ இருப்ப."

செப்டம்பர் 21, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒரு பெண் என்றால் அவளுக்குப் பெயர் இருக்கும். மூக்கு சப்பை, நிறம் மட்டு என்று ஏதாவது சொல்லலாம். முடியைப் பிடித்து இழுக்கலாம். ஆளே இல்லை என்றால் நான் யாரோடு சண்டை போடுவது? ஏரியோடா?

என்னைவிட அழகான ஒருத்திக்காக விட்டுப் போயிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. இவர் என்னை விட்டுப் போனது ஒன்றுமில்லாத ஓர் இடத்துக்கு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது அவர் சொன்னதையும் எழுதிவைக்கிறேன். "உன்னயப் புடிக்காம இல்ல நாயகி. அந்தப் பத்துப் பன்னெண்டு சனிக்கிழம கெடச்சா, மிச்ச நாளெல்லாம் எனக்கு ஒரு கொறையும் இல்ல." இது ஆறுதலா, அடியா? மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு நேரம் ஆறுதலாகத் தெரிகிறது. பாத்திரம் கழுவும்போது அடியாகத் தெரிகிறது.

செப்டம்பர் 25, வியாழன்

வேனில் கூப்பிட்டாள். நான் நிறையப் பேசுகிறேனா என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "லைன் கட்டாயிடுச்சா?" என்றேன். "இல்லம்மா" என்றாள். அதிலேயே தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 27, சனி

இவர் எங்கேயும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தார். நானும் இருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ஃபிரிஜ் ஓடுகிற சத்தம் இவ்வளவு பெரிதா? மத்தியானம் என்னால் முடியவில்லை, "ரசம் போடவா?" என்றேன். இரண்டு பேரும் திடுக்கிட்டோம்.

ஒரு சனிக்கிழமை முழுக்க அவர் எனக்குக் கிடைத்தார். மார்ச் மாதம் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

சாயங்காலம் அவரிடம், "அடுத்த வாரம் போயிட்டு வாங்க. வாத்து வாங்கியார வேணாம், சும்மா போயிட்டு வாங்க" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். இனிமேல் போகிற இடத்தில் அவருக்கு என் அழுத முகம்தான் தெரியுமாம். அதையும் நானே கெடுத்துவிட்டேன் போல.

அக்டோபர் 3, வெள்ளி

லாரெய்னின் பேத்திக்கு நாளைக்குப் பிறந்தநாளாம், அவளால் வர முடியாது. அவள் சொந்தக்காரர் நிலத்தில் நான் மட்டும் போக அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தனியாகப் போய்ப் பழக்கமில்லையே என்றேன். "தனியா போனாதான் வாத்து வரும்" என்றாள். கோபத்தில்தான் போகிறேன். வீட்டில் நான் இல்லாமல் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும் இவர்.

அக்டோபர் 4, சனி

போகும்போது வழி முழுவதும் அவரிடம் பேசிக்கொண்டே போனேன், அவர் வண்டியில் இல்லாவிட்டாலும். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். ரொம்ப நன்றாகக் கேட்டேன், பதிலும் நானே சொன்னேன், அழுதேன்.

பொம்மைகளைக் கலைத்துப் போட்டேன். கோரைக்குள் உட்கார்ந்தேன். தண்ணீர் ஓரத்தில் மெல்லிசாகப் பனிக்கட்டி. முதலில் கால் விரல் குளிர்ந்தது, அப்புறம் குளிர் பழகிவிட்டது. வெளிச்சம் வந்தது. தூரத்தில் எங்கோ டிராக்டர். ஒரு கீரி மாதிரியான பிராணி வந்து என் பூட்சை முகர்ந்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாது என்று போய்விட்டது. பச்சைத் தலை வாத்துகள் இரண்டு தடவை வந்தன. முதல் தடவை விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை ஒன்றை இறக்கினேன், சுத்தமாக, ஒரே வெடி. அப்புறமும் கிளம்பத் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். மேகம் நகர்ந்தது, தண்ணீர் கறுத்தது, மறுபடி வெளுத்தது.

வெயில் சாய்ந்த பிறகுதான் மணி பார்த்தேன். மத்தியானச் சோறு டப்பாவில் அப்படியே இருந்தது. கோரைக்குள் உட்கார்ந்ததிலிருந்து நான் இவரை நினைக்கவே இல்லை. வேனிலையும் நினைக்கவில்லை. யாரிடமாவது எதையாவது சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோட்டு போட்டு, கார் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"போன் எடுக்க மாட்டியா? எத்தன தடவ அடிக்கிறது? தண்ணில கிண்ணில விழுந்துட்டியோன்னு..." குரல் உடைந்தது.

"அங்க டவர் இல்லங்க."

உள்ளே வந்து என் பூட்சைக் கழற்ற உதவினார். வாத்தை வாங்கிச் சமையல் மேடையில் வைத்தார். அதன் தலையைத் துணியால் மூடினார். பிறகு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எப்படி இருந்துச்சி?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானாவது, சொல்லத் தெரியாமல் இருப்பதாவது! "சும்மா உக்காந்திருந்தேன்" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அடுத்த சனிக்கிழம நானும் கூட வரட்டுமா நாயகி? பேச மாட்டேன்."

மார்ச் மாதத்திலிருந்து இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் தோளைப் புண்ணாக்கிக்கொண்டேன், தேர்வு எழுதினேன், சேற்றில் நடந்தேன்.

"வேண்டாம்" என்றேன்.

பழிவாங்கச் சொல்லவில்லை. யோசித்தும் சொல்லவில்லை. வாயில் அது தானாக வந்துவிட்டது, எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னை முழித்துப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம். கோபம் வந்தது எனக்கு. அதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நடுவில் எங்கேயோ அழுகையும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஞாயித்துக்கிழம?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.